புது பேட்டரி போட்ட பிறகும் "டக்" சத்தம்தான்: செல்ஃப் மோட்டார் மாற்றுவதற்கு முன் ஒரு சந்தேகம்

மூன்றாம்_கியர்:

நான்கு மாதமாக என் வண்டி என்னோடு கண்ணாமூச்சி ஆடுகிறது. 13 வயது பெட்ரோல் கார். மேனுவல் கியர், கேபிளில் இயங்கும் கிளட்ச். காலையில் சாவியைத் திருப்பினால் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும், குறை சொல்லவே முடியாது. நாற்பது நிமிடம் ஓட்டிவிட்டு எங்காவது நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் "டக்". ஒரே ஒரு டக். அதோடு சரி.

டேஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது. ஹாரன் ஊரைக் கூட்டுகிறது. ஐந்தாறு தடவை திருப்பினால் சில நாள் "ஊவ்... ஊவ்..." என்று பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆள் மாதிரி இன்ஜின் மெதுவாகச் சுற்றி, கடைசியில் பிடித்துக்கொள்ளும். சில நாள் அதுவும் இல்லை. அரை மணி நேரம் சும்மா விட்டால் தானாகச் சரியாகிவிடுகிறது. இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளினால் நாலடியில் ஸ்டார்ட் ஆகி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

இதுவரை செய்தது: பேட்டரி மாற்றியாகிவிட்டது. பழைய பேட்டரிக்கு இரண்டு வயதுதான், ஆனால் டெஸ்டரில் வைத்துப் பார்த்தவர் "போயிருச்சு" என்றார். புதுசு போட்டதும் இரண்டு வாரம் நன்றாக இருந்தது. "பாருங்கள், நான் சொல்லவில்லையா" என்று வீட்டில் பெருமையடித்த மறுநாளே பெட்ரோல் பங்கில் நின்றுவிட்டது. பின்னால் ஆறு வண்டி, ஆறு ஹாரன். யாரோ இரண்டு பேர் இறங்கி வந்து தள்ளிவிட்டார்கள். அவர்கள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவு வெட்கம்.

அதற்கப்புறம் மெக்கானிக் வந்து, இன்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரை இரும்புக் கம்பியால் இரண்டு தட்டு தட்டினார். ஸ்டார்ட் ஆனது. "செல்ஃப்தான், சந்தேகமே வேண்டாம், மாற்றிவிடலாம்" என்கிறார். என் தயக்கம் என்னவென்றால், பேட்டரிக்கும் இதே "சந்தேகமே வேண்டாம்"தான் சொன்னார். வார்த்தைகூட மாறவில்லை.

என்னிடம் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது. பேட்டரி வோல்ட் பார்க்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. அதன் இரண்டு முனையையும் எங்கெங்கே வைக்க வேண்டும் என்று சொன்னால் வைத்துப் பார்த்து எழுதுகிறேன். செல்ஃபைக் கழற்றாமல் அதுதான் குற்றவாளி என்று உறுதி செய்ய வழி உண்டா?

சம்பந்தம் இல்லாத விஷயமாக இருக்கலாம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: சமீபமாகக் கிளட்ச் மிதி இறுகிக்கொண்டே போகிறது. வண்டி அடம்பிடிக்கும் நாட்களில் மிதிப் பக்கம் லேசாக பிளாஸ்டிக் காய்ந்த வாடை.

---

வேகத்தடை:

எனக்கும் இதே கதைதான், சூடானால் ஸ்டார்ட் ஆகாது, ஆறினால் ஆகிவிடும். கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கண்டறிந்து சிக்னல் கொடுப்பது) மாற்றினேன், அன்றோடு தொல்லை தீர்ந்தது. பழுதாகிவிட்டால், சூடு ஏறியதும் அந்த சென்சார் சிக்னல் கொடுப்பதை நிறுத்திவிடும். முதலில் அதை மாற்றுங்கள். அப்படியே ஃப்யூயல் பம்பையும் பார்த்துவிடுங்கள்.

---

பழைய_ஃப்யூஸ்:

வேகத்தடை, உங்களுக்கு நடந்தது வேறு. உங்கள் வண்டியில் இன்ஜின் வேகமாகச் சுற்றியிருக்கும், ஆனால் பிடித்திருக்காது. இவருக்கு இன்ஜின் சுற்றவே மாட்டேன் என்கிறது. "ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் போய் ஒளிந்துகொள்வதால்தான் பாதிப் பேர் தேவையில்லாத பாகத்தை வாங்குகிறார்கள். சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல், ஸ்பார்க், சென்சார், சாவியை அடையாளம் பார்க்கும் இம்மொபிலைசர் என்று தேடலாம். சுற்றவே இல்லை என்றால் பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தாலும் இப்போதைக்குக் கவலையில்லை. பேட்டரி, கேபிள், சொலினாய்டு (சாவியைத் திருப்பியதும் செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்), செல்ஃப் மோட்டார், சாவி சுவிட்ச், ரிலே (சொலினாய்டுக்கு ஆணை அனுப்பும் சின்ன சுவிட்ச்), அவ்வளவுதான் உலகம்.

மூன்றாம்_கியர் தம்பி, உங்கள் கடைசிப் பத்தியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். "சம்பந்தம் இல்லாத விஷயம்" என்று போட்டீர்களே, என் சந்தேகமெல்லாம் அதன் மேல்தான். ஆனால் அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் அளந்து பாருங்கள். இப்போதே சொன்னால் நீங்களும் அதையே தேடிக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சத்தத்திலிருந்து ஆரம்பிப்போம். "டக டக டக டக" என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை. சொலினாய்டு இழுக்கும், மோட்டார் கரண்டைக் குடிக்கும், வோல்ட் விழும், சொலினாய்டு விட்டுவிடும், வோல்ட் ஏறும், திரும்ப இழுக்கும். அதுதான் அந்தத் தாளம். ஒரே கனமான "டக்" என்றால் சொலினாய்டு வரை ஆணை போய்விட்டது, அதற்குப் பிறகு மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போகவில்லை, அல்லது போயும் மோட்டார் சுற்றவில்லை.

இப்போது ஒரு கேள்வி. டக் சத்தம் வரும்போது ஹெட்லைட் என்ன ஆகிறது? இரவில் சுவருக்கு எதிரே நிறுத்தி, லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். நன்றாக மங்கினால் மோட்டார் கரண்டை இழுக்கிறது என்று அர்த்தம். பேட்டரி பலவீனமாக இருக்கலாம் அல்லது மோட்டார் உள்ளே இறுகியிருக்கலாம். மங்கவே இல்லை என்றால் தேவையான கரண்ட் போகவில்லை. வழியில் எங்கோ அடைப்பு.

அளவுக்கு வருவோம். சும்மா நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு வாருங்கள், அதுவரை வேறு எந்த அளவையும் நம்ப முடியாது. (10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்திருக்கிறது, அது வேறு கதை.) வண்டி சூடாக, அடம்பிடிக்கும் நேரத்தில், ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, நீங்கள் மூன்று இடத்தில் பாருங்கள்:

முதலில் பேட்டரியின் இரண்டு முனை. 9.6க்குக் கீழே போகக் கூடாது.

அடுத்து சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவ் தண்டில், கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் வரும் போல்ட்டில். இது அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது, சிவப்பு முனை இன்ஜினின் வெறும் இரும்பில், கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் தண்டில். கிளாம்பில் இல்லை, தண்டிலேயே வையுங்கள். 0.2, 0.3 என்று காட்டினால் சரி.

முதல் அளவை எல்லோரும் எடுக்கிறார்கள். இரண்டாவதைச் சிலர் எடுக்கிறார்கள். மூன்றாவதை எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

---

இரவல்_ஸ்பேனர்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த "டக்" எங்கிருந்து வருகிறது என்றும் கவனியுங்கள். ஃப்யூஸ் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய "டிக்" என்றால் அது ரிலே மட்டும்தான். செல்ஃப் வரைக்கும் விஷயம் போகவில்லை. கியர்பாக்ஸ் பக்கம் கீழிருந்து கனமாக வந்தால் சொலினாய்டு. பானெட்டைத் திறந்து வைத்து இன்னொருவரைத் திருப்பச் சொன்னால் காதே சொல்லிவிடும்.

ஆனால் மெக்கானிக் பக்கமும் நியாயம் இருக்கிறது. செல்ஃபைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகிறது என்பது லேசில் தள்ளிவிடக்கூடிய அடையாளம் இல்லை. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து, கம்யூட்டேட்டரை (மோட்டாரின் சுற்றும் பகுதிக்குக் கரண்ட் வாங்கும் செம்பு வளையம்) தொடாமல் நின்றிருந்தால், தட்டினதும் அசைந்து தொட்டுவிடும். நானே அப்படி ஒரு மாதம் ஒரு மரச்சுத்தியோடு ஓட்டியிருக்கிறேன்.

---

பழைய_ஃப்யூஸ்:

மறுக்கவில்லை. பிரஷ் தேய்ந்திருந்தால் இப்படித்தான் நடக்கும். ஆனால் தட்டுவதற்கு முன்னால் பானெட் திறந்து, கம்பி தேடி, குனிந்து, இடம் பார்த்து... ஐந்து நிமிடம் வண்டி ஆறியும் இருக்கும். தட்டியது சரிசெய்ததா, ஆறியது சரிசெய்ததா என்று யார் கண்டது? அதற்குத்தான் மீட்டர்.

---

மூன்றாம்_கியர்:

ரொம்ப நன்றி அண்ணா. சத்தம் கீழிருந்துதான் வருகிறது, கனமான டக். அது உறுதி.

இரண்டு சந்தேகம். அளக்கும்போது வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால்? நான் பானெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பேனே. அப்புறம், மீட்டரை ஓம்ஸ் அளவில் (மின்தடை) வைத்துக் கேபிளை அளந்தால் போதாதா? இப்போதுதான் பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். 0.2 காட்டுகிறது. இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.2தான். அப்படியானால் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

---

பழைய_ஃப்யூஸ்:

முதல் கேள்விக்கு: ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றி வைத்துவிடுங்கள். இன்ஜின் சுற்றும்; குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் ஒரு தடவை பிடித்தாலும் சில விநாடியில் நின்றுவிடும். நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இரண்டும் கட்டாயம். மீட்டர் வயரும் சட்டைக் கையும் ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து விநாடி போதும், நடுவில் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். விடாமல் திருப்பினால் நல்ல செல்ஃபும் வெந்துவிடும்.

இரண்டாவது கேள்வியில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஓம்ஸில் வைக்கும்போது உங்கள் மீட்டர் அனுப்பும் கரண்ட் எறும்பு அளவு. எறும்பு போக ஒரு நூலிழை போதும். நூறு இழை கொண்ட கேபிளில் தொண்ணூற்றைந்து அறுந்து ஐந்து மிச்சம் இருந்தாலும் மீட்டர் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். பெட்ரோல் காரின் செல்ஃப் 100, 150 ஆம்பியர் என்று இழுக்கும். அது யானை. வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 150 ஆம்பியருக்கு 3 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். அந்த 0.02 உங்கள் மீட்டரின் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் யானை நடந்து போகும்போது வோல்ட்டில் அளக்கச் சொல்கிறேன்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால்: உங்களுக்கு சுற்றவே இல்லை என்றால், மீட்டர் எடுப்பதற்கு முன் லிவரை பி-யிலிருந்து (பார்க்கிங்) என்-க்கு (நியூட்ரல்) மாற்றி ஒரு தடவை முயன்று பாருங்கள். லிவர் பி-யிலோ என்-னிலோ இருந்தால் மட்டும் செல்ஃபை ஓடவிடும் சுவிட்ச் ஒன்று உண்டு; அது தேய்ந்திருந்தால் என்-ல் எடுத்துக்கொள்ளக்கூடும்.

---

மூன்றாம்_கியர்:

அளந்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வேண்டுமென்றே ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினேன். வண்டி அடம்பிடிக்க வேண்டுமே என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டேன். பத்து நிமிடம் கழித்துத் திருப்பினேன். டக். சந்தோஷம்! ஃப்யூஸைக் கழற்றினேன். என் மகள் ஓட்டுநர் இருக்கையில், சாவி அவள் கையில். "இப்போ", "விடு" என்று இரண்டே சொல்தான் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டோம்.

சும்மா நிற்கும்போது பேட்டரி 12.55. திருப்பும்போது 11.6. விழவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஹெட்லைட்டும் மங்கவில்லை.

பாசிட்டிவ் பக்கம் 0.24. நல்லது.

மூன்றாவது இடம். இன்ஜினைத் தூக்குவதற்காக ஒரு கொக்கி வைத்திருப்பார்களே, அதன் மேல் சிவப்பு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கறுப்பு நெகட்டிவ் தண்டில். "இப்போ" என்றேன். ஊவ்... ஊவ்... என்று மெதுவாகச் சுற்றியது. மீட்டரில் 3.4. தப்பாகப் பார்க்கிறோமோ என்று இன்னொரு தடவை: 3.4, ஒரு கணம் 3.6. மகள் உள்ளேயிருந்து "அப்பா, விடவா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நான் எண்ணைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

இரண்டு மணி நேரம் கழித்து, ஆறிய பிறகு அதே இடத்தில் அளந்தேன்: 0.9. வண்டி சுறுசுறுப்பாகச் சுற்றியது.

அண்ணா, இதுதானே நீங்கள் முதலிலேயே மனதில் வைத்திருந்தது?

---

பழைய_ஃப்யூஸ்:

இதேதான். இப்போது கிளட்ச் கதைக்கு வருகிறேன்.

உங்கள் இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு வயர் பாடிக்குப் போகும். பாடியிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ இன்னொன்று, பெரும்பாலும் பின்னிய செம்புப் பட்டை, இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகும். ஹெட்லைட், ஹாரன், டேஷ்போர்டு எல்லாம் பாடியின் எர்த்தில் ஓடுகிறவை. அதனால்தான் அவை ஜம்மென்று இருக்கின்றன. செல்ஃப் மோட்டாருக்கு எர்த் இன்ஜின்தான். அந்தப் பட்டை போய்விட்டால் 150 ஆம்பியரும் வீட்டுக்குத் திரும்ப வழியில்லாமல் நிற்கும். கிடைத்த சந்தில் நுழையும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் வேறு உலோகம் என்ன இருக்கிறது? கிளட்ச் கேபிள். அதன் எஃகுக் கம்பி சூடேறி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை இளகி, கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. மிதி இறுகுவது அதனால். வாடையும் அதுதான். பழைய எலக்ட்ரீஷியன்கள் கிளட்ச் கேபிளோ ஆக்ஸிலரேட்டர் கேபிளோ சுடுகிறது என்று கேட்டாலே எர்த் பட்டையைத்தான் தேடுவார்கள்.

தள்ளினால் ஏன் ஓடுகிறது? ஓடுவதற்குத் தேவையான கரண்ட் கொஞ்சம்தான், அதற்கு அந்தச் சந்தே போதும்.

உறுதி செய்ய ஒரே ஒரு வேலை. ஜம்பர் கேபிளில் கறுப்பு மட்டும் எடுங்கள். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டுங்கள், மறுமுனையை அந்தக் கொக்கியில், பெல்ட்டுக்குத் தூரமாக. வண்டி அடம்பிடிக்கும் நேரத்தில் இப்படி மாட்டித் திருப்பிப் பாருங்கள். எடுத்துக்கொண்டால் செல்ஃப் மோட்டாருக்கு விடுதலை.

இன்னொன்று. வண்டி ஓடும்போது, லைட்டெல்லாம் போட்டு, பேட்டரியில் எவ்வளவு வோல்ட் என்றும் பாருங்கள். பழைய பேட்டரி இரண்டு வருடத்தில் ஏன் செத்தது என்று எனக்கு ஒரு ஊகம்.

---

மூன்றாம்_கியர்:

ஜம்பர் கேபிள் மாட்டினேன். திருப்பினேன். "டர்ர்" என்று அரை விநாடியில் பிடித்துக்கொண்டது. நான்கு மாதமாக நான் கேட்காத சத்தம். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து "வேற வண்டியா?" என்றாள்.

பட்டையைத் தேடுவதற்குத்தான் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கியர்பாக்ஸ் மேல் ஒரு போல்ட்டில் ஒரு முனை கண்ணுக்குத் தெரிந்தது, அது சுத்தமாகவே இருந்தது. "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிட இருந்தேன். மறுமுனை பேட்டரித் தட்டுக்கு அடியில் மறைந்திருக்கிறது. பேட்டரியை எடுத்து (நெகட்டிவ்தான் முதலில், தெரியும்), தட்டையும் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பச்சை உருண்டை. பட்டை என்றே சொல்ல முடியாது, களிம்பு பிடித்து ஊதிப்போயிருந்தது. விரலால் தொட்டதும் மாவு மாதிரி உதிர்ந்தது. ஸ்பேனர் வைத்துத் திருப்பினேன், போல்ட் அசைவதற்கு முன்னால் பட்டை கையோடு வந்துவிட்டது. பிய்ந்த இடத்தைப் பார்த்தால், கட்டைவிரல் அகலப் பட்டையில் பளபளப்பாகச் செம்பு தெரிந்தது ஓரத்தில் ஏழெட்டு இழைதான். இத்தனை நாள் வண்டி ஓடியது அந்த ஏழெட்டு இழையையும் கிளட்ச் கேபிளையும் நம்பித்தான்.

பாடியில் அந்தப் போல்ட் உட்காரும் இடத்தில் துரு. உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி வரும்வரை தேய்த்தேன். புதுப் பட்டை, பல் வாஷர், இறுக்கிய பிறகு மேலே கிரீஸ். முதலில் கிரீஸ் தடவிவிட்டு இறுக்கலாம் என்று போனேன், நல்லவேளையாக யோசித்து நிறுத்திக்கொண்டேன்.

இப்போது அளவு. சூடான இன்ஜினில் திருப்பும்போது நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே 0.15. முன்பு 3.4!

நீங்கள் கேட்ட சார்ஜிங் அளவை பட்டை மாற்றும் முன்பே எடுத்து வைத்திருந்தேன்: லைட் போட்டு ஓடும்போது பேட்டரியில் 13.3. வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலேயே, அதன் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே வைத்தால் 14.2. பட்டை மாற்றிய பிறகு பேட்டரியில் 14.1.

---

பழைய_ஃப்யூஸ்:

பாருங்கள், ஆல்டர்னேட்டரும் இன்ஜின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் கரண்டும் அதே பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். முக்கால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. பேட்டரி ஒரு நாளும் வயிறு நிறையச் சாப்பிடவில்லை. பாதி சார்ஜில் கிடந்தே தகட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டிருக்கும். புதுசு கடையிலிருந்து முழு சார்ஜோடு வந்ததால் இரண்டு வாரம் சமாளித்தது. டெஸ்டர் பொய் சொல்லவில்லை, பேட்டரி நிஜமாகவே போயிருந்தது. ஏன் போனது என்றுதான் யாரும் கேட்கவில்லை.

களிம்பு அந்த முனையில் மட்டும் பிடித்ததற்கு, மேலே இருந்த ஏதோ ஒரு பழைய பேட்டரியின் ஆசிட் சொட்டியிருக்கலாம். தட்டின் அடியைப் பாருங்கள். தண்ணீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் நுரைக்கும். நுரை நிற்கும்வரை ஊற்றிக் கழுவி, காயவைத்துப் பெயின்ட் அடித்துவிடுங்கள். இல்லையென்றால் புதுப் பட்டைக்கும் அதே கதிதான்.

கிளட்ச் கேபிளை மாற்றிவிடுங்கள். உறை இளகியது திரும்பச் சரியாகாது, ஒரு நாள் நடு ரோட்டில் பிடித்துக்கொள்ளும்.

---

இரவல்_ஸ்பேனர்:

செல்ஃப்தான் என்று பந்தயம் கட்டாமல் விட்டது என் நல்ல நேரம். இன்றைக்கு என் வண்டியிலும் அதே மூன்றாவது இடத்தில் வைத்துப் பார்த்தேன். 0.7. இத்தனைக்கும் என் வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பேட்டரித் தட்டைக் கழற்றுகிறேன்.

---

மழைக்கண்ணாடி:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு இன்ஜின் நன்றாக வேகமாகச் சுற்றுகிறது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது. சூடு, குளிர் எல்லாம் ஒன்றுதான். நேற்றிலிருந்து இப்படி. எங்கே ஆரம்பிப்பது?

---

பழைய_ஃப்யூஸ்:

உங்களுடையது வேகத்தடையின் பக்கம். சாவியை ஆனில் வைத்து, ஸ்டார்ட் செய்யாமல், பின் சீட் பக்கம் காதை வையுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் ஃப்யூயல் பம்ப் இரண்டு விநாடி "உய்ங்" என்று ஓடி நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்பின் ஃப்யூஸ், ரிலே. அதே நேரம் டேஷ்போர்டில் சாவி போட்ட கார் படம் விடாமல் கண் சிமிட்டுகிறதா பாருங்கள். சிமிட்டினால் வண்டிக்கு உங்கள் சாவியை அடையாளம் தெரியவில்லை. இரண்டாவது சாவியை எடுத்து வந்து முயலுங்கள். இரண்டும் சரியாக இருந்தால், சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா என்று கவனியுங்கள். சில வண்டிகளில் அசையாமல் கிடந்தால் கிராங்க் சென்சார் பக்கம் சந்தேகம் போகும். பார்த்துவிட்டுத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், இங்கேயே கலந்தால் இரண்டும் குழம்பும். எந்தப் பாகத்தையும் இப்போதே வாங்கிவிடாதீர்கள்.

---

வேகத்தடை:

சமையல் சோடாவை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்ததை வீட்டில் பார்த்துவிட்டார்கள். டப்பாவைத் திருப்பிக் கேட்கிறார்கள். ஆனால் நிஜமாகவே நுரைக்கிறது.

---

மூன்றாம்_கியர்:

மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரு தடவைகூட டக் வரவில்லை. கிளட்ச் கேபிள் மாற்றியாகிவிட்டது. பழையதை அறுத்துப் பார்த்தேன், உள்ளே உறை உருகி, கம்பியோடு ஒட்டி, நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்திருந்தது.

மெக்கானிக்கிடம் பட்டையின் மிச்சத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். சண்டை போட இல்லை, காட்டத்தான். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தத் தட்டைக் கழற்றியிருக்கணும் சார்" என்றார். பிறகு, சரி, அந்த மூன்றாவது இடம் எது, மீட்டரை எப்படி வைத்தீர்கள் என்று கேட்டார். பக்கத்தில் செல்ஃப் மாற்றுவதற்காக ஒரு வண்டி பானெட் திறந்து நின்றுகொண்டிருந்தது. மீட்டர் என் பையில்தான் இருந்தது. நெகட்டிவ் தண்டில் ஒரு முனை, கொக்கியில் ஒரு முனை. பையன் சாவியைத் திருப்பினான். 0.2.

அந்த வண்டிக்கு நிஜமாகவே செல்ஃப்தான் போயிருந்தது.